சும்மா போனோம்

எங்க நைனாவிடம் ஒரு ஹெர்குலஸ் சைக்கிள் இருந்தது. அதில் அவர் ஏறிப் போனதைவிட அதைத் தள்ளிக்கொண்டு போனதுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காலனியில் ஏறுவார். ஊர்த்தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேப்பமரம். அங்கே வந்ததும் இறங்கிவிடுவார். தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடப்பார். அந்தக் கடைசியில் ரேஷன் கடை தாண்டியதும் மறுபடி ஏறிக் காஞ்சிபுரம் போவார். இரண்டு பர்லாங் இருக்கும் அந்தத் தெரு. மழை பெய்தாலும் தள்ளுவார், காய்ச்சல் அடித்தாலும் தள்ளுவார். ஊர்ப்பெயரை நான் எழுதவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நைனா கூலிக்குப் பட்டு நெய்தவர். முதலாளி பாவும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுப்பார். நெய்த புடவையையும் எடைபோட்டு வாங்குவார். வீட்டுக்குள் தோண்டின தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் நாள் பூரா மிதிதான். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டையும் ஊடையிலேயே கோத்து வாங்க வேண்டும். ஒற்றை ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள ஒரு கை வேணும். எங்க வீட்டில் அந்தக் கை அக்காவுடையது. அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. முதலாளியிடம் வாங்கின முன்பணம் அடையும்வரை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடையவும் இல்லை.

முடித்த புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நைனா போவார். அந்தப் புடவை ஊர்த்தெருக் கல்யாணத்துக்குப் போகும். காமாட்சிக்குப் போகும், கருவறைக்குள்ளேயும் போகும். அதை நெய்தவன் மட்டும் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். சின்ன வயசில் எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. தெரு வந்தால் இறங்குவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

2004ஆம் வருஷம் நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கின திட்டம் அது. அப்புறம்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தார்கள். குரங்குப் பெடல் போட்டு நைனாவின் சைக்கிளில் கற்றுக்கொண்டவளுக்கு முதல் சொந்தச் சைக்கிள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு சடை, யூனிஃபார்ம், கேரியரில் புத்தகப்பை. சந்தோஷத்தில் ரேஷன் கடை வந்ததும் தெரியவில்லை, தெரு வந்ததும் தெரியவில்லை. பாதித் தெருவில் ஒரு கை ஹேண்டில்பாரைப் பிடித்தது.

“கவர்மெண்டு குடுத்தா காலனியில ஓட்டு.”

அவ்வளவுதான் சொன்னார். அடிக்கவில்லை. அன்று ராத்திரி நைனா தெருவுக்குப் போய், “சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தறிக்குழியில் இறங்கி, விளக்கைப் போட்டுக்கொண்டு நெய்ய ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து இரண்டு வருஷம் வேப்பமரத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே நான் சைக்கிளைத் தள்ளினேன். ஒருநாளும் யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. என் கால் தானாக இறங்கும்.

பிறகு படித்தேன். எம்.ஏ. தமிழ். இயக்கத்துக்கு வந்தேன், மேடையேறினேன். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால், செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் குற்றம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. சைக்கிள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் சட்டத்தில் சைக்கிள் என்ற சொல் இப்படியா ஏற வேண்டும்? கூட்டம் கூட்டமாக இந்தப் பிரிவைப் படித்துக் காட்டியிருக்கிறேன். கைதட்டுவார்கள். பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்துவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன காணும் பொங்கலுக்கு அக்கா மகள் வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

“சித்தி, உத்திரமேரூர் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வருவமா?”

“எதுக்குடி?”

“சும்மாதான்.”

அந்தச் சும்மா என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. எங்க வீட்டில் சைக்கிள் சும்மா போனதே கிடையாது. பாவு ஏற்ற, புல்லுக்கட்டு ஏற்ற, ரேஷன் அரிசி ஏற்ற, உடம்புக்கு முடியாதவர்களை முன்பாரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு இழுக்க. காற்று வாங்கவும் ஊர் பார்க்கவும் யாரும் ஏறியதில்லை. இங்கிலாந்தில் 1894இல் பர்மிங்காமில் சோஷலிசப் பத்திரிகை படிக்கிற ஒரு கூட்டம் கிளாரியன் என்று சைக்கிள் கிளப் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையானால் நகரத்துப் புகையை விட்டுக் கிராமத்துப் பக்கம் மிதிப்பார்கள், போகிற ஊரில் துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. உழைக்கிறவனுக்கு ஒரு நாள் ஓய்வு, அந்த நாளில் மிதிக்க ஒரு ரோடு. அவர்கள் எத்தனையோ கஷ்டப்பட்டிருப்பார்கள். ஆனால் எந்தத் தெருவில் இறங்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்திருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் இரவல் வாங்கினேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தை மாசத்துப் பனி. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச்சத்தமே இல்லை. மற்ற நாளில் விடிகாலையிலேயே தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள், சைக்கிளே போக முடியாது. அன்றைக்குக் கோலமும் கரும்புச் சக்கையும்தான் கிடந்தன. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தினோம். மழைக்காலம் முடிந்த நேரம், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மீதியெல்லாம் மணல் அள்ளின பள்ளமும் சீமைக்கருவேலமும். 2021 நவம்பரில் இந்த ஆறு கரை புரண்டு போனதை அவள் அப்பாவோடு வந்து பார்த்திருக்கிறாளாம். “இதே ஆறா சித்தி அது?” என்றாள்.

குருவிமலை, களக்காட்டூர் என்று போய்க்கொண்டிருந்தோம். மெதுவாகத்தான். எதிர்காற்று இல்லை. அறுப்புக்கு நிற்கிற சம்பா, ஏரி நிறையத் தண்ணீர், கொக்கு, நாரை. டீக்கடையில் நிறுத்தினால், “எங்கம்மா போறீங்க?” என்று கேட்பார்கள். “சும்மாண்ணா, சுத்திப் பாக்க” என்றால் யாரும் நம்பவில்லை. ஒருத்தர், “சர்வே எடுக்கிறீங்களா?” என்றார். இன்னொருத்தர், “ஓட்டு லிஸ்ட்டா?” என்றார். சிரித்துக்கொண்டே வந்தோம்.

“இந்த வயல்லாம் யாருது சித்தி?”

கேட்டாளே என்று சொன்னேன். இந்தப் பக்கமெல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் நம்ம சனங்க நிலைமையை எழுதி அனுப்பினார், குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்று. 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். வேற ஆளுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. விற்காமலேயே கைமாறிப் போச்சு. அதைத் திருப்பிக் கேட்டு 1994இல் காரணை நிலத்துக்காகப் போராடினபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள்.

அவள் கொஞ்சதூரம் பேசாமல் மிதித்தாள். பிறகு, “ஆயாவப் பாத்துட்டுப் போவலாம், காணும் பொங்கல் காசு குடுக்கும்” என்றாள்.

மெயின் ரோட்டிலிருந்து எங்க ஊருக்குத் திரும்புகிற இடத்தில் இரண்டு வழி. ஒன்று ஏரிக்கரை. ஒன்றரை மைல் சுற்று. அவள் அப்பா பைக்கில் வந்தால் எப்போதும் அந்த வழிதான். ஏன் சுற்றி வருகிறார் என்று இவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இவள் போனைப் பார்த்தாள்.

“மேப்பு நேரா காட்டுது சித்தி, வா.”

போய்விட்டாள். ரேஷன் கடை வந்தது. அவள் முன்னால் பெல்லடித்துக்கொண்டு போகிறாள். நான் பின்னால்.

என் கால் இறங்கிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் இறக்கவில்லை. மனசு, ‘மிதி, மிதி’ என்றுதான் சொன்னது. முப்பத்தேழு வயசு. பதினைந்து வருஷ இயக்கம். எத்தனை மேடை. அந்த இடம் வந்ததும் பெடலிலிருந்து இடதுகால் தரைக்குப் போய்விட்டது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். அதுவும் நைனா துண்டை இறக்கின மாதிரியே. தள்ளிக்கொண்டு நடக்கிறேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னா சித்தி எறங்கிட்ட? செயின் கழண்டுகிச்சா?”

“ஆமா” என்றேன்.

பொய். குனிந்து செயினைத் தொட்டு, கையில் மசியைப் பூசிக்கொண்டேன். பொய்க்குச் சாட்சி வேண்டுமே.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். பேத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே, “தெரு வழியாவா வந்தீங்க?” என்றாள். என் கையிலிருந்த மசியைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு, சோறு. இவளுக்கு நூறு ரூபாய். எனக்கும் இருபது ரூபாய் கொடுத்தாள், இன்னும் சின்னப்பிள்ளை என்று நினைப்பு. தறிக்குழி மேல் பலகை போட்டு மூடியிருந்தது. அதன்மேல் அரிசி மூட்டை. நைனா போய் ஆறு வருஷம் ஆகிறது.

மாகறல் வழியாகச் செய்யாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பல்லவர் காலத்து ஏரி. வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டில் பெயர். கடல் மாதிரிக் கிடந்தது. கரையில் புளியோதரைப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாகச் சனங்கள். ஒரு பனைமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். அங்கேதான் அவளிடம் சொன்னேன். செயின் கழலவில்லை என்று. நைனாவை, 2004ஐ, ஹேண்டில்பாரைப் பிடித்த கையை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அதனாலதான் அப்பா ஏரிக்கரையில வர்றாரா?”

“கேட்டதில்ல. இருக்கும்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம் சித்தி.”

சொல்லியிருக்கலாம்தான். நாம் ஏன் சொல்வதில்லை? பிள்ளைகளுக்கு அந்தப் பயம் ஒட்ட வேண்டாம் என்று நினைக்கிறோம். பயத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் மாற்றி வைக்கிறோம். அந்தச் சுற்று வழியிலேயே அது அவர்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

பிறகு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற குடவோலைக் கல்வெட்டு அங்கே சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கிச் சின்னப்பையனை விட்டு எடுக்கச் சொல்வது, எல்லாம் உண்மைதான். அவளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டினேன். தகுதி என்ன என்று கேட்டாள். சொன்னேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேணும். சொந்த மனையில் வீடு வேணும். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயசு. மந்திர பிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேணும். இது சதுர்வேதிமங்கலத்து பிராமணர் சபை.

“உனக்கு வயசு சரியா இருக்கு சித்தி” என்று சிரித்தாள். “மத்தது?”

மற்றது ஒன்றுகூட இல்லை. இதே சோழர் கல்வெட்டுகளில், தஞ்சாவூரில் ராஜராஜன் காலத்தில், தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று நம்ம இடத்துக்கும் பெயர் இருக்கிறது. குடத்துக்குள் போகிற பெயர் அல்ல, வரி போடாமல் ஒதுக்கிவைத்த இடத்தின் பெயர். எம்.ஏ. வகுப்பில் குடவோலை பற்றி இரண்டு மணி நேரம் கேட்டேன். யாருடைய பெயர் ஓலையில் ஏறாது என்று ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை.

நம் ஆட்களின் கதை வேறு இடத்தில் எழுதியிருக்கிறது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் எதிலும் நம்மவர் போய்வர யாரும் தடை சொல்லக் கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறு வருஷம் ஆகிவிட்டது. நைனா இறங்கினது அதற்கு அறுபது, எழுபது வருஷத்துக்கு அப்புறம். நான் இறங்கினது அன்று காலையில்.

வெயில் தாழத் திரும்பினோம். மெயின் ரோட்டில் நேராகப் போனால் காஞ்சிபுரம். எங்க ஊருக்குள் போக வேண்டிய வேலையே இல்லை. திருப்பம் வந்ததும் அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

“இன்னொரு வாட்டி போவலாமா?”

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நான் பேசுவேன், எழுதுவேன், காஞ்சிபுரத்துக்குப் போய்விடுவேன். நாளைக்குத் தண்ணீர்க் குழாயிலும் ரேஷன் கடையிலும் நிற்கப் போகிறவள் அம்மா. இந்தக் கணக்கைப் போடாத இயக்கக்காரன் யாராவது இருந்தால் அவனுக்கு ஊரில் அம்மா இல்லை என்று அர்த்தம். இவளிடம் அதையும் சொன்னேன். “சரி சித்தி, நீ சொல்லு” என்றாள். முடிவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஹேண்டிலைத் திருப்பினேன்.

தெருவில் கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு. பையன்கள் உறியடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடை வந்தது. இடதுகால் துடித்தது. வலதுகாலை அழுத்தினேன். இந்த முறை அவள் முன்னால் போகவில்லை, என் பக்கத்திலேயே வந்தாள். இரண்டு சைக்கிளும் அத்தனை மெதுவாக. பதறி வேகமாகப் போனால் அதுவும் ஒரு இறங்குதல்தான் என்று எனக்குத் தோன்றியது.

பையன்கள் பார்த்தார்கள். திரும்பிக்கொண்டார்கள். பாதித் தெருவில் திண்ணையிலிருந்த ஒரு கிழவி கூப்பிட்டாள்.

“யார் ஊட்டுப் பொண்ணும்மா நீங்க?”

ஒரு காலை ஊன்றி நின்றேன். சீட்டை விட்டு இறங்கவில்லை. நைனா பெயரைச் சொன்னேன்.

“ஓ, காலனி நெசவுக்காரரு பொண்ணா! தங்கமான மனுசன். மரியாத தெரிஞ்சவரு. எவ்ளோ அவசரம்னாலும் இந்தத் தெருவுல எறங்கித்தான் போவாரு.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். என் கல்யாணத்துக்கு ஐம்பது ரூபாய் மொய் வைத்த கிழவி அவள். எனக்கு அதுதான் தொண்டையை அடைத்தது. அந்தத் தெருவில் நைனா விட்டுப்போன நல்ல பெயர் இறங்கினதுக்கான நல்ல பெயர். என்ன பதில் சொல்வது? சட்டத்தின் பிரிவைச் சொல்லவா?

“அவருக்கு இறங்கப் பிடிக்காது ஆயா” என்றேன்.

கிழவி என்னைப் பார்த்தாள். பேத்தி வயசுப் பிள்ளையையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மிதித்தோம். வேப்பமரம் வந்தது, போனது. அங்கிருந்து ஏரிக்கரை வழியாகச் சுற்றி மெயின் ரோட்டுக்கு வந்தோம். பாலாற்றுப் பாலம் வரும்போது இருட்டிவிட்டது. இவள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

ராத்திரி அம்மா போன் பண்ணினாள்.

“திரும்பவும் தெரு வழியாப் போனீங்களாமே.”

“யாரும்மா சொன்னது? ஏதாவது கேட்டாங்களா?”

“கேக்கல. பாத்தோம்னு சொன்னாங்க.”

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பக்கத்தில் டி.வி. சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், “எறங்கலியா?”

“இல்லம்மா.”

“கால் வலிக்குதா?”

“வலிக்குது.”

“வெந்நி வெச்சு ஊத்து” என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். “மாசி மாசம் நைனாவுக்குப் படைக்கணும். வரும்போது ரெண்டு பேரும் அதுலயே வாங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.